50 மில்லியில் தூங்கிவிடும் குழந்தை: பாட்டிலில் எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: பையன் பிறந்து 9 நாள். நிறைமாதக் குழந்தை, பிறந்தபோது 3 கிலோ. தாய்ப்பால் போதவில்லை என்று பாட்டிலில் பவுடர் பாலும் கொடுக்கிறீர்கள். டப்பாவில் ஒரு வேளைக்கு 90 மில்லி என்று போட்டிருக்கிறது, அவனோ 50 குடித்ததும் கண்ணை மூடிவிடுகிறான். மீதியைக் குடிக்க வைக்க நீங்களும் உங்கள் அம்மாவும் கன்னத்தைத் தட்டி, நிப்பிளை வாய்க்குள் ஆட்டி, அரை மணி நேரம் போராடுகிறீர்கள். கடைசியில் குடித்ததில் பாதியைக் கக்கிவிடுகிறான். "நாங்கள் பாட்டில் பிடிக்கிற முறை தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடிக்கிற முறையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கிற பயம் வேறு என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு வயிறு நிறைகிறதா, நாம் அறியாமல் அவனைப் பட்டினி போடுகிறோமா என்பதுதான் அது. பச்சிளம் குழந்தைகள் வார்டில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். பாட்டிலைக் கையில் எடுக்கிற அப்பா அம்மாக்களில் பெரும்பாலோர் இதே கவலையோடுதான் வருகிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, எவ்வளவு மெதுவாக வாய்க்குள் போகிறது, இவை உங்கள் பொறுப்பு. எத்தனை மில்லியில் நிறுத்துவது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள்.

அந்த 90 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டப்பாவில் இருக்கிற அட்டவணை சராசரிக் குழந்தைக்குப் போட்ட உத்தேசக் கணக்கு. உங்கள் பிள்ளையின் எடை அதற்குத் தெரியாது. நாங்கள் பயன்படுத்துகிற கணக்கு எடையை வைத்து வருவது. நிறைமாதக் குழந்தைக்கு முதல் வாரம் முடிகிற நேரத்தில் ஒரு நாளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 மில்லி வரை தேவைப்படும். 3 கிலோ என்றால் நாள் முழுவதற்கும் 450 முதல் 600 மில்லி. அதை எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 56 முதல் 75. ஒன்பது வேளை என்றால் 50இல் தொடங்குகிறது. நீங்கள் சொல்கிற 50 அந்த எல்லைக்குள்ளேயே வந்துவிடுகிறது, அதுவும் இடையிடையே அவன் குடிக்கிற தாய்ப்பாலைச் சேர்க்காமலே. முதல் சில நாட்களில் தேவை இதைவிடக் குறைவு. பிறந்த அன்று ஒரு வேளைக்குச் சில மில்லி குடித்தாலே பல குழந்தைகளுக்குப் போதும், வயிறு அவ்வளவு சிறியது. பிறகு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். ஒரே நாளில்கூட எல்லா வேளையும் ஒரே அளவாக இருக்காது. காலையில் 70 குடித்தவன் மதியம் 40இல் நிறுத்துவான். அதனால் ஒரு வேளையை வைத்து முடிவுக்கு வராமல், 24 மணி நேரத்து மொத்தத்தைப் பாருங்கள்.

சரி, மில்லிக் கணக்கை ஒதுக்கிவிட்டால் போதுமான பால் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டயப்பரும் எடை மிஷினும் சொல்லும். பிறந்த முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு முறையாவது சிறுநீர் போக வேண்டும். இப்படியே ஏறி, ஐந்தாறு நாள் ஆனதிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் டயப்பர் நன்றாக நனைந்து கனக்க வேண்டும். நிறம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். முதல் ஓரிரு நாளில் டயப்பரில் செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சுக் கறை தெரியலாம், அது யூரேட் உப்பு. ஒன்பதாம் நாளில் அது தெரிந்தால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருப்பாகப் பிசுபிசுவென்று வந்த முதல் மலம் இந்நேரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். எடையைப் பொறுத்தவரை, பிறந்த சில நாளில் கொஞ்சம் குறைவது பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்டு. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடினால் நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். இவை எல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உங்கள் பையனின் டயப்பர் கணக்கை நீங்கள் எழுதவில்லை. மேலே சொன்னபடி நனைகிறது என்றால் 50 மில்லியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்போது அந்த அரை மணி நேரப் போராட்டத்துக்கு வருகிறேன். அதை இன்றே நிறுத்திவிடுங்கள். குழந்தைக்குப் பசித்தால் அழுவதற்கு முன்பே சொல்லிவிடும். தூக்கத்தில் நெளியும், வாயைத் திறந்து தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அழுகை கடைசியில் வருவது. அழுது களைத்த பிறகு பாட்டிலை வைத்தால் அவசர அவசரமாக விழுங்கும், காற்றும் கூடவே போகும். குடிக்க ஆரம்பிக்கும்போது கையைப் பாருங்கள், விரல்கள் இறுக மூடியிருக்கும், புருவம் சுருங்கியிருக்கும். வயிறு நிறைய நிறைய அந்தப் பிடி தளரும். உறிஞ்சல் நடுநடுவே நிற்கும், தாடை மட்டும் லேசாக நடுங்கும், கை உங்கள் மார்பின் மேல் சரிந்து விழும். நாக்கால் நிப்பிளை வெளியே தள்ளுவதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் "போதும்" என்பதன் தெளிவான அடையாளங்கள். அந்த நேரத்தில் நிப்பிளை ஆட்டினால் மறுபடியும் உறிஞ்சத்தான் செய்யும். ஏனென்றால் அண்ணத்தில் ஏதாவது பட்டால் உறிஞ்சுவது பச்சிளம் குழந்தையின் அனிச்சைச் செயல். அதைப் பசி என்று எண்ணிவிடுகிறோம். உங்கள் பையன் கக்குவதற்கு இதுதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்த எடைக்கு இன்னும் திரும்பாத குழந்தையை நான்கு மணி நேரத்துக்கு மேல் பால் இல்லாமல் தூங்க விடக் கூடாது. துணியைத் தளர்த்தி, டயப்பர் மாற்றி, உள்ளங்காலை வருடி எழுப்புங்கள். எழுப்பி, வாய் திறந்து தேடினால் கொடுங்கள். எழுப்பவே முடியாமல் துவண்டு கிடந்தாலோ, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூட இரண்டு மூன்று வேளை தொடர்ந்து குடிக்காவிட்டாலோ, அதை நல்ல தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் மஞ்சள் காமாலையும் தொற்றும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும்.

பிடிக்கிற முறை. படுக்கப் போட்டுக் கொடுக்காதீர்கள். பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு நகர்ந்து போவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது, புரையேறினால் குழந்தையால் நிப்பிளைத் துப்ப முடியாது. நீங்கள் முதுகுக்கு ஆதரவு வைத்து வசதியாக உட்காருங்கள். குழந்தையின் தலை உங்கள் முழங்கை மடிப்பில் இருக்கட்டும், உடம்பு பாதி நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும். முகவாய் நெஞ்சில் முட்டாமல் கழுத்து நேராக இருக்க வேண்டும். கழுத்து மடங்கியிருந்தால் நாமே விழுங்கச் சிரமப்படுவோம். இறுகச் சுற்றியிருக்கிற துணியிலிருந்து கைகளை வெளியே எடுத்துவிடுங்கள், அந்த விரல்கள்தான் உங்களுக்குச் செய்தி சொல்பவை. நிப்பிளின் நுனியால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அவனே வாயை அகலமாகத் திறப்பான். திறந்ததும் நிப்பிளின் அகன்ற அடிப்பகுதி உதட்டில் படும் வரை உள்ளே போகட்டும். நுனியை மட்டும் கவ்வினால் காற்றுதான் போகும்.

பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் ஏறக்குறைய படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள், நிப்பிளில் பால் இருக்கிற அளவுக்குச் சாய்த்தால் போதும். கவிழ்த்துப் பிடித்தால் அவன் உறிஞ்சாவிட்டாலும் பால் சொட்டிக்கொண்டே இருக்கும், விழுங்கியே ஆக வேண்டிய நிலைமைக்கு வந்துவிடுவான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது இந்த மூன்றையும் ஒரு தாளத்தில் கோத்துக்கொள்ள அவன் இப்போதுதான் பழகுகிறான். ஐந்தாறு முறை விழுங்கியதும் பாட்டிலின் அடியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். நிப்பிள் வாயிலேயே இருக்கட்டும், பால் மட்டும் பின்வாங்கும். இரண்டு மூன்று மூச்சு விட்டபின் அவனே மறுபடி உறிஞ்சினால் திரும்பச் சாயுங்கள். பாதியில் கை மாற்றிப் பிடித்தால் இரண்டு பக்கமும் பார்க்கப் பழகுவான். இப்படிக் கொடுத்தால் ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் பாட்டில் காலியானால் அது வேகம் கூடிவிட்டது. வயிறு நிறைந்தது என்ற உணர்வு வருவதற்குள் தேவைக்கு மேல் போய்விடும்.

நிப்பிள் முழுக்கப் பால் நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று போகும் என்று உங்கள் அம்மா சொல்லக்கூடும். பழைய கையேடுகளில் அப்படித்தான் இருக்கும். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, காலி நிப்பிளை நீண்ட நேரம் சப்ப விடக் கூடாதுதான். ஆனால் நான் பார்த்த வரையில் குழந்தை காற்றை அதிகம் விழுங்குவது வேகமாக வரும் பாலைச் சமாளிக்க மடக்மடக்கென்று குடிக்கும்போதுதான். இதை ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, வார்டு அனுபவமாகச் சொல்கிறேன்.

நிப்பிளைப் பற்றி ஒன்று. பெட்டியில் "புதிதாகப் பிறந்த குழந்தைக்கு" என்றோ "மெதுவாக வரும்" என்றோ போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மெதுவான நிப்பிள் இன்னொன்றின் வேகமானதைவிட வேகமாக இருக்கலாம். குழந்தையின் முகத்தைப் பாருங்கள். வாய் ஓரத்தில் பால் வழிவது, கண்ணை விரிப்பது, விரல்களை விறைப்பாகப் பரப்புவது, இருமுவது, விழுங்கும்போது களக் களக் என்று சத்தம் வருவது இவை எல்லாம் வேகம் கூடுதல் என்பதைக் காட்டும். எவ்வளவு உறிஞ்சியும் பால் வராமல் எரிச்சலோடு இழுப்பது, நிப்பிள் உள்ளுக்குள் சப்பிப்போவது, சில மில்லி குடிப்பதற்குள் களைத்துப்போவது இதற்கு நேர்மாறு. ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள், வேறு நிப்பிள் வாங்குங்கள். காற்று போகாமல் தடுக்கும் என்று விலை கூட்டி விற்கிற பாட்டில்களால் அழுகை குறைகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வாங்கியிருந்தால் பயன்படுத்துங்கள், அதன் உள்குழாய்களைத் தேய்த்துக் கழுவ முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பால் கலக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், அதனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பவுடர் டப்பா சீல் பிரிக்காததாக இருந்தாலும் உள்ளே இருப்பது கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அரிதாக அதில் இருக்கும். அரிதுதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது வந்தால் ரத்தத்திலும் மூளையுறையிலும் தொற்றாகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்கிற தண்ணீரில் பவுடரைக் கலக்கச் சொன்னது. அந்தச் சூட்டில் பாக்டீரியா செத்துவிடும். வீட்டில் தெர்மாமீட்டர் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, மூடி வைத்து, அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தினால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருக்கும். குறைவான தண்ணீர் என்றால் சீக்கிரம் ஆறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சில டப்பாக்களில் 40 டிகிரி போதும் என்றிருக்கும். அதில் சேர்த்திருக்கும் நல்ல பாக்டீரியா சூட்டில் செத்துவிடும் என்பது ஒரு காரணம். இரண்டில் எது என்று குழம்பினால், இந்த வயதுக் குழந்தைக்கு நான் 70 பக்கம்தான் நிற்பேன். குறைமாதக் குழந்தைக்கோ எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்கோ இதைத் தவறவே விடக் கூடாது. திரவமாகவே சீல் செய்து வரும் பால் கிருமி நீக்கப்பட்டது, திறக்கும் வரை இந்தக் கவலை இல்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். பாட்டிலைச் சமதளத்தில் வைத்து, குனிந்து, கோட்டைக் கண் மட்டத்தில் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அளவு மாறும். அப்புறம் அந்த டப்பாவுக்குள் வந்த ஸ்கூப்பால் மட்டும் பவுடரை எடுங்கள். அழுத்தாமல் அள்ளி, சுத்தமான கத்தியின் முதுகால் தலை தட்டிச் சமமாக்கிப் போடுங்கள். பல டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப். சிலவற்றில் 60க்கு ஒன்று. பழைய டப்பாவின் ஸ்கூப்பைப் புதிய கம்பெனி டப்பாவில் போட்டுப் பயன்படுத்துவது பல வீடுகளில் நடக்கிறது, ஒவ்வொன்றின் அளவும் வேறு. மூடி போட்டுக் கலக்கி, ஓடும் குழாய்த் தண்ணீரின் அடியில் பிடித்து ஆற வையுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் சில சொட்டு விட்டுப் பாருங்கள், சுடக் கூடாது. வெதுவெதுப்பு குழந்தைக்குப் பிடித்த பழக்கம், அவ்வளவுதான். அறைச் சூட்டில் இருந்தாலும் தீங்கில்லை. மைக்ரோவேவில் வைக்காதீர்கள். பாட்டில் ஆறியிருக்கும்போதே நடுவில் பால் கொதித்துக்கொண்டிருக்கும், வாய் வெந்துபோகும்.

பிளாஸ்டிக் பாட்டிலில் சுடு தண்ணீர் ஊற்றலாமா என்பது பலருக்கும் உள்ள சந்தேகம். பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் சூடாகக் கலக்கும்போது நுண்பிளாஸ்டிக் துகள்கள் பெருமளவில் பாலில் இறங்குகின்றன என்று 2020இல் டப்ளினில் நடந்த ஆய்வு காட்டியது. இறங்குகிறது என்பது உறுதி. அதனால் குழந்தைக்கு என்ன கெடுதல் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மனது கேட்கவில்லை என்றால் கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்கி ஆற வைத்துப் பாட்டிலில் ஊற்றுங்கள். அதற்காகச் சூட்டைக் குறைத்துவிட வேண்டாம். ஒன்று நிரூபணமாகாத சந்தேகம், மற்றது உயிர்போகும் ஆபத்து.

மலம் கெட்டியாகப் போகிறது என்று தண்ணீரைக் கூட்டுவதும், பவுடர் தீர்ந்துவிடுமே என்று ஒரு ஸ்கூப்பைக் குறைப்பதும் வேண்டவே வேண்டாம். பால் நீர்த்துப்போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரும். இரவில் நன்றாகத் தூங்கட்டும் என்று கெட்டியாகக் கலக்கினால் சோடியம் ஏறி, உடம்பு வற்றும், சிறுநீரகத்துக்குச் சுமை. ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் பாலில் இருக்கிற நீரே போதும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய பாட்யூலிசக் கிருமி குழந்தையின் நரம்பைச் செயலிழக்கச் செய்யும். மாட்டுப் பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு வயதுக்கு முன் அது சிறுநீரகத்துக்குப் பாரம், இரும்புச்சத்தும் போதாது.

உங்கள் பையனுக்கு இனி 60 மில்லி கலக்குங்கள். முழு ஸ்கூப் கணக்கில் வரும், அரை ஸ்கூப் போட்டால் அளவு தவறும். முடித்துவிட்டு இன்னும் தேடினால் 30 புதிதாகக் கலக்கிக்கொள்ளலாம். மிச்சமானதைக் கொட்டிவிடுங்கள், அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். வாய் வைத்ததும் எச்சில் பாலில் கலக்கிறது, கிருமி பெருகும். குடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரம்தான் கணக்கு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், இரண்டு மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் ஒரு மணி நேரம் என்றே சொல்வேன். வாய் படாத பாலைக் கலக்கியவுடன் ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும்.

பாட்டில் கழுவுவதில் முதல் வேலை தேய்ப்பது. நிப்பிளைக் கழற்றி, திருகு வளையத்தையும் பிரித்து, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பால் படலம் ஒட்டியிருந்தால் எவ்வளவு கொதிக்க வைத்தும் பலனில்லை. பிறகு எல்லாம் மூழ்கும்படி வைத்து, தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பின் பத்து நிமிடம் விடுங்கள். ஸ்டீம் ஸ்டெரிலைசர் இருந்தால் அதுவும் சரி. துணியால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள்.

குடித்து முடித்ததும் ஏப்பம். தோளில் சாய்த்தோ மடியில் உட்கார வைத்து முகவாயைத் தாங்கியோ முதுகைத் தடவிக்கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், காற்று இல்லாமலும் இருக்கலாம். ஏப்பம் விட வைத்தால் அழுகை குறையும் என்று எல்லோரும் நம்புகிறோம். 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அழுகை குறையவில்லை, கக்குவது கொஞ்சம் கூடவே செய்தது. ஒரு ஆய்வை வைத்து ஏப்பமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தூங்குகிற குழந்தையை எழுப்பி முதுகில் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கொஞ்சம் கக்குவது இந்த வயதில் சகஜம். இரைப்பையின் மேல்வாய் இன்னும் இறுகவில்லை, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். துணியில் கொட்டியதைப் பார்த்தால் பாதி பால் போய்விட்டது போலத் தெரியும். ஒரு டீஸ்பூன் பாலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு பெரிய ஈரம் என்று புரியும். குடித்த பின் இருபது நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்தால் ஓரளவு உதவும். கிரைப் வாட்டர் வேண்டாம், பலன் நிரூபிக்கப்படவில்லை. வாயுவுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்தும் ஆய்வுகளில் மருந்தே இல்லாத சொட்டைவிட மேலாக வேலை செய்யவில்லை.

கக்குகிற குழந்தையைக் கவிழ்த்தோ பக்கவாட்டிலோ படுக்க வைக்கத் தோன்றும். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தட்டையான படுக்கையில். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. கக்கியது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் விழ வேண்டியிருக்கும், அது கடினம். கவிழ்த்தால் நிலைமை தலைகீழாகிவிடும், தூக்கத்தில் திடீரென்று மூச்சு நின்றுபோகும் ஆபத்தும் கூடுகிறது.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "பால் போதவில்லை" என்று. அது உண்மையாகவும் இருக்கலாம், மாலை நேர அழுகையை வைத்து முடிவு செய்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு சுரக்கும். அதனால் அவர் விரும்பினால், முதலில் மார்பில் போட்டுவிட்டுப் பிறகு பாட்டில் கொடுங்கள். பாட்டில் மட்டும் கொடுக்கிற வேளையில் பாலைப் பீய்ச்சி எடுக்கட்டும். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள் இருக்கும். பாட்டில் பழகினால் மார்பை மறந்துவிடும் என்பது முடிவாகாத விவாதம். சில குழந்தைகள் இரண்டையும் சுலபமாக மாற்றி மாற்றிக் குடிக்கின்றன, சில வேகமாக வருவதையே தேடுகின்றன. மேலே சொன்ன மெதுவான முறை அந்த வேக வித்தியாசத்தைக் குறைக்கும். பாலூட்டல் ஆலோசகர் யாராவது ஒரு வேளை முழுவதும் பக்கத்தில் இருந்து பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். முழுக்கப் பவுடர் பாலுக்கு மாற வேண்டிவந்தாலும் அவர் தோற்றுவிட்டதாக யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அந்தப் பாலிலும் பிள்ளைகள் நன்றாக வளர்கின்றன.

நான் சொன்ன அளவுகள் எல்லாம் நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு. குறைமாதம், எடைக் குறைவு, பிளந்த அண்ணம், இதயக் கோளாறு என்றால் கணக்கே வேறு, உங்கள் மருத்துவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். கீழே சொல்கிறவை தெரிந்தால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்: உடம்புச் சூடு 38 டிகிரி அல்லது அதற்கு மேல், பச்சை நிற வாந்தி, குடிக்கும்போது உதடு நீலமாவது, குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையாதது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, எழுப்ப முடியாத சோர்வு. இன்னும் சில வாரம் கழித்து, குடித்ததெல்லாம் பீய்ச்சியடிப்பது போல் தூரப் போய் விழும் வாந்தி வேளை தவறாமல் வந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபடுவது மூன்று முதல் ஆறு வாரத்தில் தெரியவரும், சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும்.

அவன் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டானா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு நாளுக்குள் டயப்பர் இல்லாமல், முடிந்தால் முன்பு பார்த்த அதே எடை மிஷினில் எடை பாருங்கள். ஒரு மிஷினுக்கும் இன்னொன்றுக்கும் ஐம்பது நூறு கிராம் வித்தியாசம் வந்து வீணாகப் பயமுறுத்தும். 3 கிலோவுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் 60 மில்லி கலக்கி, அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துங்கள். 2.8க்குக் கீழே இருந்தால் வேளைக்கு எவ்வளவு குடித்தான், எத்தனை டயப்பர் நனைந்தது என்று 24 மணி நேரத்துக்கு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பாட்டிலையும் நிப்பிளையும் பவுடர் டப்பாவையும் ஸ்கூப்போடு எடுத்துப் போங்கள்.